பி.டி. பீரியட் யாருடையது?
பள்ளிகளில் உடல்நலம் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவது குறித்த நூறாண்டு விவாதம்

பள்ளிப் பிள்ளைகளுக்கு உடலைப் பேணக் கற்றுக்கொடுக்க வேண்டியவர் யார்? அவரை எங்கே, எவ்வளவு காலம், எதைச் சொல்லித் தயார்படுத்துவது? சென்னையில் இந்தக் கேள்வி எழுந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. படையிலிருந்து ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், பட்டயமோ பட்டமோ பெற்ற உடற்கல்வி ஆசிரியர், எல்லாப் பாடமும் எடுக்கும் வகுப்பாசிரியர், வாரத்தில் சில அரைநாள் வந்துபோகும் பகுதிநேரப் பயிற்றுநர், அண்மையில் ‘நலத் தூதர்’ என்று ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொல்லியிருக்கிறது. புதிய விடை வந்ததால் பழையது விலகிவிடவில்லை. இன்றைய பள்ளியில் இந்த ஐவரின் சாயலையும் ஒருங்கே பார்க்கலாம்.

விவாதத்தின் முக்கிய நிறுவனங்கள் பலவும் சென்னையின் தென்பகுதியிலேயே இருக்கின்றன. சைதாப்பேட்டையில் 1856இல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரி, ஆசியாவின் மிகப் பழைய ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களுள் ஒன்று. நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில், 2004ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய காரப்பாக்கத்தில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். இங்கெல்லாம் படித்தவர்கள் வேலைக்குப் போகும் புறநகர் எப்படிப்பட்டது என்பதற்குக் குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கம் ஓர் எடுத்துக்காட்டு. வயலும் ஏரியுமாக இருந்த பகுதி, சிட்கோ தொழிற்பேட்டை வந்தபின் பட்டறைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த ஊராகிவிட்டது.

‘யார்’ என்ற கேள்விக்கு விடைகள் குவிந்த அளவுக்கு ‘எப்படி’ என்ற கேள்விக்குக் குவியவில்லை. முக்கிய நிலைப்பாடுகளை அவற்றின் பிறப்பிடத்தோடும் பலவீனத்தோடும் வரிசைப்படுத்தினால் இது தெளிவாகும்.

டிரில் மாஸ்டரும் பக்கும்

காலனியப் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் டிரில்தான். படையில் பணியாற்றியவரே அதற்குப் போதுமானவர் என்று கருதப்பட்டது. வரிசையில் நிற்பது, கட்டளைக்குத் திரும்புவது, எண்ணிக்கைக்குக் கை உயர்த்துவது ஆகியவற்றை நடத்தக் குழந்தை வளர்ச்சி பற்றிய அறிவு தேவைப்படவில்லை. பள்ளியின் கல்விப் பணியில் அவருக்குப் பங்கில்லை. ஒழுங்கைக் காப்பதே அவர் வேலை.

இந்தக் கருத்தை முறையாக எதிர்த்தவர் ஹாரி குரோ பக். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் பயின்ற அவர் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் நிலைபெற்ற இக்கல்லூரி ஆசியாவில் இவ்வகையில் முதலாவதாகக் குறிப்பிடப்படுகிறது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பக் மேலாளராகவும் இருந்தார். உடற்கூறு, உடலியங்கியல், சுகாதாரம், கற்பிக்கும் முறை ஆகியவற்றை ஆடுகளப் பயிற்சியோடு சேர்த்துக் கற்ற ஒருவரே பள்ளியில் இப்பணிக்கு உரியவர் என்பது அவர் நிலைப்பாடு. கூடைப்பந்து, கைப்பந்து போன்ற மேலைநாட்டு விளையாட்டுகளோடு தண்டால், பஸ்கி, ஆசனங்கள் போன்ற உள்நாட்டுப் பயிற்சிகளுக்கும் அவர் பாடத்திட்டத்தில் இடமளித்தார்.

அதே 1920இல் சென்னை மாநகராட்சி, பி. தியாகராய செட்டியின் முன்முயற்சியில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானித்தது. ஒரே நகரில், ஒரே ஆண்டில், பிள்ளையின் உடல் குறித்து எடுக்கப்பட்ட இவ்விரு முடிவுகளும் தனித்தனி வழியில் வளர்ந்தன. உணவு சமூகநலத் திட்டமாகவும், உடற்பயிற்சி விளையாட்டுத் துறையாகவும் நிர்வகிக்கப்பட்டன. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் பயிற்சி ஆசிரியருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. இன்றைய சிக்கலின் வேர்களில் இதுவும் ஒன்று எனக் கொள்ள இடமிருக்கிறது.

நோக்கம் மாறிமாறி வந்த காலம்

சுதந்திரத்துக்குப் பின் கேள்வியின் எடை ஆசிரியரிடமிருந்து நோக்கத்துக்கு மாறியது. 1948இல் தாராசந்த் குழு உடற்கல்விக்குத் தேசிய அளவிலான பயிற்சி, ஆய்வு நிறுவனத்தைப் பரிந்துரைத்தது. 1950இல் உடற்கல்விக்கான மத்திய ஆலோசனை வாரியம் அமைந்தது. 1957இல் குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. மறுபக்கம், 1954இல் ஜெ.கே. போன்ஸ்லேயின் தலைமையில் வந்த தேசிய ஒழுக்கத் திட்டம் படைப்பயிற்சி மரபுக்குப் புத்துயிர் கொடுத்தது. ஒன்றோடொன்று மோதிய திட்டங்களை ஒருங்கிணைக்க 1959இல் குன்ஸ்ரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையைத் தொடர்ந்து 1965இல் தேசிய உடல் தகுதிப் படை உருவானது.

இந்தப் போக்கை அக்காலத்திலேயே விமர்சித்தது கோத்தாரி ஆணையம் (1964–66). அரசுத் திட்டங்கள் உடல் தகுதியை மட்டும் முன்னிறுத்தி, உடற்கல்வியின் கல்வி மதிப்பைப் புறக்கணிக்கின்றன என்று அது சுட்டிக்காட்டியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, விளையாட்டும் உடற்கல்வியும் கற்றலின் பிரிக்க முடியாத பகுதி, அவை மதிப்பீட்டிலும் இடம்பெற வேண்டும் என்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் உடல்நலம், உடற்கல்வி, யோகா மூன்றையும் ஒன்றிணைத்துப் பார்த்தது. 2023ஆம் ஆண்டின் சட்டகம் ‘உடற்கல்வியும் நல்வாழ்வும்’ என்பதைத் தனிக் கலைத்திட்டப் பகுதியாக வைக்கிறது.

ஆவணங்களில் நோக்கம் இப்படி விரிந்துகொண்டே வந்தது. ஆசிரியரைத் தயார்செய்யும் படிப்பு அதே வேகத்தில் விரிந்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு மூன்று முகாம்கள் மூன்று விடைகளைத் தருகின்றன.

முதல் நிலைப்பாடு: தனி ஆசிரியரே வேண்டும்

பக் வகுத்த வழி இது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இதற்குச் சட்ட வடிவம் தருகின்றன. தொடக்கக் கல்விக்கு டி.பி.எட்., அடுத்த நிலைக்கு பி.பி.எட்., மேல்நிலைக்கு எம்.பி.எட். என்று ஒவ்வொன்றும் இரண்டாண்டுப் படிப்பாக வகுக்கப்பட்டுள்ளது. 2025இல் வெளியான வரைவு விதிமுறைகள் உடற்கல்விக்கும் யோகாவுக்கும் நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்புகளை முன்மொழிந்தன.

இந்த முகாமின் வாதம் வலுவானது. பிள்ளையின் வயதுக்கு ஏற்ற சுமை எது, வெயிலில் எப்போது நிறுத்த வேண்டும், ஆஸ்துமா உள்ள மாணவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது, விழுந்தவருக்கு முதலுதவி என்ன என்பவை அரைகுறை அறிவோடு செய்யக்கூடியவை அல்ல. ஆய்வுச் சான்றும் ஓரளவு துணைநிற்கிறது. தென் கலிஃபோர்னியாவில் ஏழு தொடக்கப் பள்ளிகளில் நடந்த ‘ஸ்பார்க்’ ஆய்வின் முடிவுகளை ஜேம்ஸ் சாலிஸ் குழுவினர் 1997இல் வெளியிட்டனர். உடற்கல்வி வகுப்பில் பிள்ளைகள் உண்மையில் உடலை இயக்கிய நேரம், தனி ஆசிரியர் எடுத்த வகுப்புகளில் வாரத்துக்கு 40 நிமிடம். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியர் எடுத்தவற்றில் 33. வழக்கம்போல் நடந்தவற்றில் 18.

பலவீனங்கள் இரண்டு. ஒன்று, எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கே உடற்கல்விப் பயிற்றுநரைக் கோருகிறது, அதுவும் பகுதிநேரமாக. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டில் 2012இல் உடற்கல்வி, ஓவியம், தையல், கணினி உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு மாத ஊதியம் 5,000 ரூபாய். வேலை வாரத்தில் மூன்று அரைநாள். தனி ஆசிரியர் வேண்டும் என்ற கொள்கை நடைமுறையில் இந்த வடிவத்தைத்தான் எடுத்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு அதுவும் எட்டவில்லை.

மற்றொன்று, வேலையின் இயல்பு. உடற்கல்வி ஆசிரியரின் ஆண்டு குறுவட்டப் போட்டி, குடியரசு தின விளையாட்டுப் போட்டி, பாரதியார் தின விளையாட்டுப் போட்டி என்று அட்டவணையிடப்பட்டுவிடுகிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தின் ஒழுங்கும் சுதந்திர தின அணிவகுப்பும் அவர் தலையில் விழுகின்றன. பள்ளியின் பார்வையில் கோப்பை வாங்கித் தருபவரே நல்ல பி.டி. ஆசிரியர். இந்தச் சூழலில் அணியில் இடம்பெறும் இருபது பேர் கவனம் பெறுகிறார்கள். மற்றவர்கள் மைதான ஓரத்தில் நிற்கிறார்கள்.

இரண்டாம் நிலைப்பாடு: வகுப்பாசிரியரால் முடியும்

தினமும் பிள்ளைகளோடு இருப்பவர் வகுப்பாசிரியர். யார் சாப்பிடாமல் வந்தார், யார் இரவெல்லாம் செல்பேசி பார்த்துத் தூங்கி விழுகிறார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே நலம் கற்பிக்க அவரே பொருத்தமானவர் என்பது இரண்டாம் முகாமின் வாதம்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2018இல் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உடல்நலமும் உடற்கல்வியும் கட்டாயம் என்றாக்கியபோது, தனி ஆசிரியர் இல்லாமலும் நடத்தக்கூடிய வகையில் அதை வடிவமைத்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் 2020இல் தொடங்கப்பட்ட பள்ளி நலத் திட்டம் இன்னும் ஒரு படி சென்றது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ‘உடல்நல, நல்வாழ்வுத் தூதர்’களாகப் பயிற்சி பெறுகிறார்கள். ஊட்டச்சத்து, மனநலம், போதைப்பொருள் தடுப்பு, பாலினச் சமத்துவம், பாதுகாப்பான இணையப் பயன்பாடு உள்ளிட்ட பதினொரு கருப்பொருள்களை அவர்கள் கையாள வேண்டும்.

ஸ்பார்க் ஆய்வை இந்த முகாமும் தனக்குச் சாதகமாக வாசிக்கலாம். பயிற்சி பெற்ற வகுப்பாசிரியருக்கும் தனி ஆசிரியருக்கும் இடையே வெறும் ஏழு நிமிட வேறுபாடுதான். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே பதினைந்து. ஆனால் அங்கே வகுப்பாசிரியர்களுக்குக் கிடைத்தது ஓரிரு நாள் பயிலரங்கு அல்ல. திட்டமிட்ட பாடத்திட்டமும் தொடர்ந்த நேரடித் துணையும். அதே ஆய்வில், பள்ளிக்கு வெளியே பிள்ளைகளின் உடல் இயக்கம் இரு பிரிவிலும் கூடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே முன்பயிற்சியின் போதாமை வெளிப்படையானது. 2014ஆம் ஆண்டின் பி.எட். கலைத்திட்டச் சட்டகத்தில் உடல்நலமும் உடற்கல்வியும் விருப்பப் பாடங்களின் பட்டியலில் வருகிறது. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் சட்டகத்தில் பிள்ளைகளின் உடல், உணர்வு நலம் குறித்து ஒரு பாடம் இருக்கிறது. 2015இல் யோகா பாடப்பகுதிகள் சேர்ந்தன. எழுத்துத் தேர்வில் விடை எழுதித் தேறக்கூடிய ஒரு தாளாக இவை முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம். நாற்பது பிள்ளைகளை மைதானத்தில் நடத்திப் பார்த்த அனுபவம் இல்லாமலேயே ஒருவர் பி.எட். முடிக்க முடியும். அப்படி வந்தவர் பி.டி. பீரியடைக் கணக்குக்கோ ஆங்கிலத்துக்கோ விட்டுக்கொடுத்தால், அதைத் தனிமனிதக் குறை என்று மட்டும் சொல்ல முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: அளந்தால் தெரியும்

யார் கற்பித்தால் என்ன, பிள்ளையின் தகுதி உயர்ந்ததா என்று அளந்து பார்ப்போம் என்கிறது மூன்றாம் முகாம். அமெரிக்காவில் 1950களில் கிராஸ்–வெபர் சோதனையில் அமெரிக்கப் பிள்ளைகள் ஐரோப்பியப் பிள்ளைகளைவிடப் பின்தங்கியதாக வந்த முடிவு ஐசனோவரை அசைத்தது. 1956இல் இளையோர் உடல் தகுதிக்கான குழு பிறந்தது. பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தரவரிசைப்படுத்தும் முறைக்கு மாற்றாக, நலத்துக்குப் போதுமான அளவை எட்டினாரா என்று மட்டும் பார்க்கும் ‘ஃபிட்னஸ்கிராம்’ 1982இல் வந்தது. 2012இல் அந்த நாடு பள்ளிகளில் நடத்திவந்த பழைய தேசிய உடல் தகுதித் தேர்வைக் கைவிட்டது; 2025 ஜூலையில் அதிபர் ஆணை ஒன்று அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தது. எழுபது ஆண்டுகளாகியும் அங்கேயே இந்த விவாதம் தீரவில்லை.

இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 29 அன்று ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கியது. கேலோ இந்தியா சோதனைத் தொகுப்பின்படி, மூன்றாம் வகுப்பு வரை உடல் நிறைக் குறியீடு, ஒற்றைக் கால் சமநிலை, தட்டு தொடும் வேகம் ஆகியவை அளக்கப்படுகின்றன. அதற்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து எட்டுதல், வயிற்றுத் தசைப் பயிற்சி, தண்டால் ஆகியவை சேர்கின்றன. பயிற்சி ஆசிரியருக்கு இவற்றைக் கற்றுக்கொடுப்பது எளிது. எண் கிடைக்கிறது, செயலியில் ஏற்றலாம். இம்முறையின் ஈர்ப்பும் ஆபத்தும் இந்த எளிமையில்தான் இருக்கின்றன.

ஒரு பிள்ளையின் ஓட்ட நேரத்தில் மரபும் பருவ வளர்ச்சியும் உணவும் கலந்திருக்கின்றன. ஆசிரியரின் பங்கைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் கூடுதல் எடை கொண்டவர்கள், 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. இவை பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியே எடுத்த எண்கள் அல்ல. ஆனால் மேல்நிலை வகுப்பு மாணவியர் இந்த வயதெல்லைக்குள் நுழைகிறார்கள். 600 மீட்டரில் மூச்சு வாங்கி நின்றுவிடும் மாணவிக்குத் தேவைப்படுவது இன்னொரு சுற்று ஓட்டமா, இரும்புச்சத்து மாத்திரையும் கீரையுமா? இதைப் பிரித்தறியும் பயிற்சி இல்லாதவர் கையில் சோதனைத் தாள் பயன்படாது. சில வேளை தீங்கும் செய்யலாம்.

இங்கிருந்தே நான்காவதாக ஓர் எதிர்க்குரல் எழுகிறது. 1980இல் ராபர்ட் கிராஃபோர்டு, நலத்தை முழுக்கத் தனிமனிதப் பொறுப்பாக்கும் போக்கை விமர்சித்தார். டேவிட் கிர்க், டெரெக் கோல்குஹூன் இருவரும் 1989இல் அதை உடற்கல்விக்குப் பொருத்திக் காட்டினார்கள். பருமனான பிள்ளையைச் சோம்பேறி என்றும் மெலிந்த பிள்ளையை நலமானவர் என்றும் வகுப்பறை கற்பித்துவிடுகிறது என்பது அவர்கள் கவலை. இந்த விமர்சனம் எச்சரிக்கையாகப் பயன்படுகிறது. ஆனால் திங்கட்கிழமை காலை வகுப்பில் என்ன செய்வது என்று அது பயிற்சி ஆசிரியருக்குச் சொல்வது குறைவு.

பயிற்சிக்குள் நடப்பது என்ன?

மூன்று முகாம்களுமே ஆசிரியர் கல்லூரிக்குள் நடப்பதைக் குறைவாகவே பேசுகின்றன. ஆசிரியர் வேலையைக் கல்லூரிக்கு வருமுன்பே, மாணவராக இருந்து பார்த்த ஆண்டுகளில் ஒருவர் கற்றுவிடுகிறார் என்று டான் லார்ட்டி 1975இல் வாதிட்டார். ஹால் லாசன் 1983இல் அதை உடற்கல்வி ஆசிரியர்களுக்கு விரிவுபடுத்தினார். தமிழ்நாட்டுச் சூழலுக்கு இது கூர்மையாகப் பொருந்தக்கூடும். பி.பி.எட். சேர்க்கையில் விளையாட்டுப் போட்டிகளில் பங்கேற்றது தகுதியாகக் கொள்ளப்படுகிறது. எனவே அங்கே வருபவர் பெரும்பாலும் பள்ளி அணியில் ஆடியவர், மைதானத்தை நேசித்தவர். ஓரத்தில் நின்ற பிள்ளையின் அனுபவம் அவருக்கு அந்நியம். பி.எட். வருபவர்களிலோ பி.டி. பீரியடை வேறு பாடத்துக்குப் பறிகொடுத்தே படித்து முடித்தவர்கள் கணிசமாக இருக்கலாம். இருவரும் தாம் பார்த்த பள்ளியையே திரும்பப் படைக்கும் சாய்வோடுதான் கல்லூரிக்குள் நுழைகிறார்கள்.

இந்தச் சாய்வை மாற்ற வேண்டியது பயிற்சிக் கற்பித்தல். உடற்கல்விக் கல்லூரிகளின் வழக்கமான பாடத்திட்டக் குறிப்பு வரிசை நிறுத்தல், உடலைச் சூடேற்றல், எண்ணிக்கைக்குச் செய்யும் பயிற்சி, விளையாட்டுத் திறன், சிறு விளையாட்டு, கலைத்தல் என்று நகர்கிறது. ஒழுங்கான வகுப்புக்கு இது உதவும்; ஆனால் டிரில் மாஸ்டரின் நிழல் இதில் இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் லஃப்பரோவில் பங்கர், தோர்ப் இருவரும் 1982இல் முன்வைத்த, ஆட்டத்தைப் புரியவைத்துத் திறனுக்கு வரும் முறை, மார்கரெட் வைட்ஹெட் 1993 முதல் வளர்த்த ‘உடல்சார் எழுத்தறிவு’க் கருத்து போன்றவை பாடநூல்களில் இடம்பெறுகின்றன. அவற்றைப் பயன்படுத்திக் கற்பிக்க வாய்ப்புத் தரும் பள்ளி கிடைக்கிறதா என்பதே ஐயம். பயிற்சிக்குப் போகும் பள்ளியின் மூத்த ஆசிரியர், “அதெல்லாம் காலேஜோட சரி தம்பி” என்றால், கற்றது அங்கேயே கழன்றுவிடும்.

நிர்வாகப் பிரிவினையும் உண்டு. வகுப்பாசிரியராகப் போகிறவரின் பி.எட். காரப்பாக்கத்துப் பல்கலைக்கழகத்தின்கீழ், உடற்கல்வி ஆசிரியராகப் போகிறவரின் பி.பி.எட். மேலக்கோட்டையூர்ப் பல்கலைக்கழகத்தின்கீழ். ஒரே பள்ளியில், ஒரே பிள்ளைகளோடு வேலை செய்யப் போகும் இருவரும் பயிற்சிக் காலத்தில் சந்திக்கும்படி கட்டமைப்பு எதுவும் கோரவில்லை. பி.எட்.டில் 20 வாரப் பள்ளி அனுபவம் விதிமுறையாக இருக்கிறது. அதில் சில வாரங்களை இரு தரப்பும் சேர்ந்து ஒரே பள்ளியில் கழிப்பது சட்டத்தை மாற்றாமலேயே செய்யக்கூடியது.

புறநகர் வைக்கும் நிபந்தனைகள்

எந்தப் பயிற்சியும் இடம், காலம் சார்ந்தது. திருமுடிவாக்கம், பம்மல், முடிச்சூர், குன்றத்தூர்ப் பகுதிகளுக்குப் போகும் ஆசிரியர் சந்திப்பவை பாடநூல் மைதானங்கள் அல்ல. மனை விலை ஏறிய இடங்களில் தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு மைதானம் சுருங்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் தாழ்வான நிலங்களில் நீர் தேங்குகிறது; 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாடு ஊரறிந்தது. கோடைத் தொடக்கத்தில் காலை பத்து மணிக்கு மேல் திறந்தவெளி வகுப்பு ஆபத்தாகலாம். ஆகவே சிறு இடத்தில், வராந்தாவில், நிழலில் நடத்தக்கூடிய பாடங்களை உருவாக்கும் திறன் இங்கே அடிப்படைத் தேவை.

தொழிற்பேட்டை சார்ந்த ஊரில் பெற்றோர் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். வேலை தேடி வட மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. மொழி முழுதாகப் பிடிபடாத பிள்ளை முதலில் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் விளையாட்டு மைதானமாக இருக்கலாம். கபடியும் சிலம்பமும் இங்கே பண்பாட்டுப் பெருமிதத்துக்கு அப்பாலும் பயன்படும்: செலவு குறைவு, சிறு இடம் போதும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அதைப் போட்டிக்காக அல்லாமல் எல்லாப் பிள்ளைகளின் உடல் தகுதிக்காகக் கற்பிக்கும் முறை தனியே உருவாக வேண்டியிருக்கிறது.

கொள்கைக் குழப்பமும் ஆசிரியரைத் தொடுகிறது. தமிழ்நாடு 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காமல், 2025 ஆகஸ்டில் தன் பள்ளிக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. ஆனால் ஆசிரியர் படிப்புகளுக்குத் தேசியக் குழுமத்தின் விதிகளே பொருந்தும். ஒரே தெருவில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளியும் மத்திய வாரியப் பள்ளியும் இருக்கும் புறநகரில், ஒரே பட்டம் பெற்றவர் இருவேறு எதிர்பார்ப்புகளுக்கு வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

பிறர் எடுத்த வழிகள்

ஃபின்லாந்தில் தொடக்க வகுப்புகளில் முதுநிலைப் பட்டம் பெற்ற வகுப்பாசிரியரே பெரும்பாலும் உடற்கல்வி எடுக்கிறார். உயர் வகுப்புகளில் யிவாஸ்கிலா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயின்ற தனி ஆசிரியர் வருகிறார். 2000களின் தொடக்கத்தில் அங்கே நலக்கல்வி தனிப் பாடமாகவே பிரிக்கப்பட்டது. ஜப்பானில் பள்ளி நல அறையைப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்குத் தனி உரிமச் சான்றே இருக்கிறது. இலங்கையில் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ ஒரே பாடமாக இடைநிலை வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது; சாதாரண தரத் தேர்வில் விருப்பப் பாடமாகவும் உள்ளது. தமிழிலேயே பாடநூல்களும் இருக்கின்றன. சுகாதாரத்தையும் மைதானத்தையும் ஒரே ஆசிரியரிடம் சேர்த்த இந்த அனுபவத்தைத் தமிழ்நாடு அருகிலிருந்தும் அதிகம் கவனிக்கவில்லை. இருந்தாலும், தேர்வுப் பாடமானால் மைதானம் குறிப்பேட்டுக்குள் சுருங்கிவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. இம்மூன்றில் எதையும் அப்படியே பெயர்த்து நட முடியாது. வகுப்பின் அளவு, ஆசிரியரின் ஊதியம், மருத்துவ வசதி எல்லாம் வேறு.

தீர்ந்தவையும் தீராதவையும்

கிடைக்கும் சான்றுகளை எடைபோட்டால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பயிற்சி பெற்ற எவரும் பயிற்சி பெறாதவரைவிட நன்றாகவே கற்பிக்கிறார். தனி ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் உள்ள இடைவெளியைவிட இந்த இடைவெளி பெரிது. ஆகவே தொடக்கப் பள்ளியில் வகுப்பாசிரியர், அவருக்குத் துணையாகப் பல பள்ளிகளுக்குப் பொறுப்பான ஓர் உடற்கல்வி வல்லுநர், உயர் வகுப்புகளில் முழுநேரத் தனி ஆசிரியர் என்ற பகிர்வு நியாயமானதாகத் தோன்றுகிறது. சோதனைத் தொகுப்புகள் பிள்ளைக்குத் தன் உடலைப் புரியவைக்கும் கருவியாக இருக்கும்வரை பயன்படும். ஆசிரியரையோ பள்ளியையோ தரவரிசைப்படுத்த அவை போதிய ஆதாரம் அல்ல.

தீராதவை அதிகம். ஸ்பார்க் போன்ற ஆய்வுகள் நடந்த பள்ளிகளின் சூழல் வேறு; நாற்பது, ஐம்பது பேர் உள்ள வகுப்பில், மைதானமில்லாத பள்ளியில், அதே விளைவு கிடைக்குமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பதினொரு கருப்பொருள்களைச் சுமக்கும் தூதர் உண்மையில் எதைக் கற்பிக்கிறார், எதைத் தவிர்க்கிறார் என்பது திறந்த கேள்வி. மனநலமும் பாலினமும்தான் முதலில் தவிர்க்கப்படும் என்று ஊகிக்க இடமுண்டு. பள்ளியில் கற்றது பத்தாண்டுக்குப் பின் அந்தப் பிள்ளை நடப்பதையும் உண்பதையும் மாற்றுகிறதா என்பதற்கு உலக அளவிலேயே விடை மங்கலாக இருக்கிறது. உணவுத் திட்டம், இரத்தசோகைத் தடுப்பு, உடற்கல்வி ஆகியவற்றை ஒரே ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுவந்தால் சுமை கூடிக் கற்பித்தல் நீர்த்துப்போகுமா, அல்லது ஒன்றுக்கொன்று வலுச்சேர்க்குமா என்பதையும் செய்து பார்க்காமல் முடிவுசெய்ய இயலாது.

செய்து பார்க்க இந்தப் புறநகரைவிட வசதியான களம் தமிழ்நாட்டில் குறைவு. இரு பல்கலைக்கழகங்களும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பலவகைப் பள்ளிகளும் சுற்றிலும் உள்ளன. இரு படிப்பின் மாணவர்களையும் ஒரே பள்ளிகளில் சில வாரங்கள் சேர்த்துப் பயிற்றுவித்து, பிள்ளைகள் இயங்கிய நேரத்தையும் ஓரத்தில் நின்றவர்களின் எண்ணிக்கையையும் பதிவுசெய்தால், இன்று கருத்தாக மட்டும் இருப்பவற்றில் சில சான்றாக மாறும். அதுவரை தனி ஆசிரியர் தரப்பும் வகுப்பாசிரியர் தரப்பும் சொல்வதைத் தற்காலிக முடிவுகளாகவே எடுத்துக்கொள்வது பொருந்தும்.